சுழற்பூச்சுப் படலம் ஒற்றைப் படிகம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்மத்தில் கலந்த நுண்ணிய உருண்டைகள் வரிசையாக அடுங்கி உருவாகும், சாயம் ஏதுமின்றி நிறம் காட்டும் கூழ்மப் படிகப் படலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆயினும், சுழலும் தகட்டின் மீது அந்த நீர்மத்தை ஊற்றும் சுழற்பூச்சு முறையில் சில நிமிடங்களில் குறையற்ற ஒற்றைப் படிகம், அதாவது முழுவதும் ஒரே வரிசை தொடரும் படிகம், உருவாகிவிடும் என்று அதில் கூறப்பட்டிருந்தது சரியன்று. இத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அதைத் திருத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

ஓபல் கல்லின் நிறமினுக்கத்தைத் திருச்சி தந்த சர் சி. வி. ராமனும் அவருடைய மாணவர் ஜெயராமனும் 1953-இல் ஆராய்ந்தனர். அக்கல்லுக்குள் ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருப்பதை 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே கண்டனர். அத்தகைய உருண்டைகளை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை ஸ்டோபரும் அவருடைய குழுவினரும் 1968-இல் வெளியிட்டனர். 250 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளை நெருக்கமாக அடுக்கி உலரவிட்டால், நேர்க்குத்தாகப் பார்க்கும்போது ஏறத்தாழ 550 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையில், ஒளி திரும்பும். 200 நானோமீட்டர் உருண்டைகள் நீலத்தையும் 300 நானோமீட்டர் உருண்டைகள் சிவப்பையும் தரும். உருண்டைகளின் அளவு ஒன்றுக்கொன்று சில விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அடுக்கு குலைந்துவிடும் என்பதால், பாதி வேலை தகடு சுழலத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

உருண்டைகள் தாமாகப் படிந்து அடுக்காக நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், காத்திருக்க வேண்டியிருந்த நிலையைச் சுழற்பூச்சு மாற்றியது உண்மையே. 2004-இல் ஜியாங், மெக்ஃபார்லேண்ட் இருவரும் ஒளிபட்டால் இறுகும் பிசினில் சிலிக்கா உருண்டைகளைக் கலந்து, முழுச் சிலிக்கான் வட்டின் மீதும் சில நிமிடங்களில் படலம் பரப்பிக் காட்டினர். 2006-இல் மீஹி என்பவரும் அவருடைய குழுவினரும் எளிதில் ஆவியாகும் நீர்மங்களைக் கொண்டு இதைச் செய்தனர். சுழற்சி நீர்மத்தை வெளிநோக்கித் தள்ளி மெலிதாக்குகிறது. அந்த ஓட்டத்தில் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மீது வழுக்குவதால் உருண்டைகள் வரிசை பிடிக்கின்றன. நீர்மம் ஆவியாக ஆக அவை நெருங்குகின்றன. கடைசியில் எஞ்சும் ஈரத்தின் நுண்துளை விசை (குறுகிய இடைவெளிகளில் உள்ள நீர்மம் இழுக்கும் விசை) அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிவிடுகிறது. ஆகவே சுழலும் வேகத்தை மட்டும் குறிப்பிட்டு ஒரு செய்முறையை எழுதுவது போதாது. எந்த நீர்மம், அறையின் ஈரப்பதம் எவ்வளவு, தகடு எப்படித் தூய்மை செய்யப்பட்டது என்பவையும் வேகத்துக்கு இணையாக முடிவைத் தீர்மானிக்கின்றன.

வெள்ளொளியில் பார்த்தால் இப்படலத்தில் மையத்திலிருந்து ஆறு கைகள், சில வேளைகளில் நான்கு கைகள், வானவில் நிறத்தில் விரிகின்றன. தகடு முழுவதும் ஒரே படிகம் என்ற எண்ணம் இந்த ஒழுங்கைக் கண்டுதான் எழுகிறது. எளிதில் ஆவியாகும் நீர்மத்தில் செய்த தகட்டைப் பக்கவாட்டு விளக்கொளியில் வைத்து, அதன் மையத்தைச் சுற்றி மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒற்றைப் படிகமாக இருந்தால் கைகளும் தகட்டோடு திரும்ப வேண்டும். ஆனால் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. படலம் எண்ணற்ற சிறு படிகத் துண்டுகளால் ஆனது என்பதும், ஒவ்வொரு துண்டும் சுழற்சி மையத்தை நோக்கிய திசையைக் கணக்கில் கொண்டு தன்னைத் திருப்பிக்கொண்டுள்ளது என்பதும் இதற்குப் பொருள். 2008-இல் இதை ஆய்ந்தவர்கள், தொலைவில் உள்ள துண்டுகளின் திசைகளுக்கிடையே உறவு உண்டு, ஆனால் உருண்டைகள் இருக்கும் இடங்களில் நெடுந்தொலைவு ஒழுங்கு இல்லை என்று காட்டினர். என்னைப் பொறுத்தவரை, குறையற்ற படிகத்தைவிட இதுவே வியப்புக்குரியது.

சொல் ஒன்றுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று வாசகர்கள் கருதலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆய்வு செய்த முதுகலை மாணவி ஒருவர், தாம் செய்த படலத்தை நுண்ணோக்கியில் பார்த்துத் துண்டு எல்லைகளைக் கண்டதும், செய்முறையில் பிழை நேர்ந்துவிட்டதென்று மனமுடைந்து தகடுகளை வீசிவிட இருந்தார். "ஒற்றைப் படிகம்" என்று எங்கோ படித்திருந்ததே அதற்குக் காரணம். அவருடைய படலத்தில் ஆறு கைகளும் தெளிவாகவே இருந்தன.

எனவே அக்கட்டுரையில் வந்த "ஒற்றைப் படிகம்" என்பதை "திசை ஒழுங்குள்ள பல்படிகம்" என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய படலத்தின் நிழற்படத்தை இனி வெளியிடும்போது, விளக்கு எப்பக்கத்தில் இருந்தது என்பதையும் படத்தின் கீழ் குறிப்பிட்டால், பார்க்கும் மாணவர்கள் அந்தக் கைகளின் பொருளைத் தாங்களே கணித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.