திரும்பும் டிக்கெட் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் பெரியம்மாவும் நலம். பாப்பாவுக்குச் சளி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை போனில் தை மாதப் பயணத்துக்கு நீ போட்ட திட்டத்தை வாசித்துக் காட்டினாய். அதில் "வைத்தீஸ்வரன் கோவில், ஒரு காலைப்பொழுது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சிதம்பரம்" என்று வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. கோவிலுக்கு மட்டும் என்றால் ஒரு காலை போதும். நாடி ஜோதிடம் பார்க்க, அதாவது கட்டைவிரல் ரேகையை வைத்து நமக்கான ஓலை ஏட்டைத் தேடிப் படிக்க, அது போதாது கண்ணா. இரண்டு ராத்திரியாவது அங்கே தங்குகிற மாதிரி வைத்துக்கொள்.

1997இல் அப்பாவும் நானும் போனது உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது ஆறாம் வகுப்பு. உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனோம். விடியற்காலை கும்பகோணத்தில் பஸ் ஏறினோம். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்குரிய தலமாயிற்றே, தெருவெல்லாம் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒருவர் கூடவே வந்து, "பெரிய இடம், உடனே பார்த்துவிடலாம்" என்று ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். உடனே என்றது அவர் வார்த்தை. அப்பாவின் வலது கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டபோது மணி பதினொன்று. முதல் ஏட்டுக் கட்டைப் பிரித்தபோது மணி இரண்டு.

அந்தக் கட்டில் ஒவ்வொரு ஏடாக எடுத்து, பாட்டைத் தனக்குள் முணுமுணுத்துப் படித்து, "உடன்பிறந்தவர் மூவரா? தாயார் பெயர் முருகன் துணைவியின் பெயரா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அப்பா இல்லை, இல்லை என்று சொல்ல, ஏடு புரண்டுகொண்டே இருந்தது. முழுக்கட்டும் தீர்ந்தது. இரண்டாவது கட்டு வந்தது. நாலரை மணிக்கு ஓர் ஏட்டில் பாட்டி பெயர் சரியாக வந்தது. தாத்தா பெயர் வரவில்லை, உடன்பிறந்தவர் கணக்கும் ஒன்று குறைந்தது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் ஆபீஸ். "ஏறக்குறைய சரிதானே, இதுவாக இருக்கலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். "இன்னும் ஒரு கட்டு இருக்கிறது, காலையில் பார்க்கலாம்" என்றார் படித்தவர். அப்பா, அப்புறம் வரலாம் என்று எழுந்துவிட்டார்.

அப்புறம் வரவேயில்லை. உன் படிப்பு, அக்கா கல்யாணம், வீட்டுக் கடன். 2011இல் அவரும் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒன்றைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன். அவசரமாக உட்காருகிறவன், ஏதோ ஓர் ஏட்டைத் தன் ஏடு என்று ஒப்புக்கொண்டுவிடுவான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால் வாய் தானாக விவரம் சொல்லும். "இல்லை, என் அம்மா பெயர் இது" என்று நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். அப்படிக் கிடைத்த ஏட்டை நம்பி என்ன செய்ய? ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் நீ பேசக் கூடாது. பெயர், பிறந்த தேதி, வேலை எதையும் முன்கூட்டிச் சொல்லாதே. காத்திருக்கும் கூடத்தில் மருமகளோடு குடும்பக் கதை பேசாதே. சரியாக வராத ஏட்டை எத்தனை முறையானாலும் தள்ளிவிடு. இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். கையில் நாள் இருந்தால்தான் பொறுமை வரும்.

ரேகைகளை 108 வகையாகப் பிரித்திருப்பதாகச் சொல்வார்கள். உன் ரேகை எந்த வகை என்று பார்த்து, அந்த வகைக் கட்டுகளைத் தேடி எடுப்பதிலேயே பாதி நாள் ஓடிவிடும். ஏடு கிடைத்தால் அதிலுள்ள செய்யுளை ஒரு நோட்டில் எழுதி, பிறகு வரி வரியாக விளக்குவார்கள். அன்றைக்கு எழுதி மறுநாள் படிப்பதும் உண்டு. பின்னால் நான் பார்த்தபோது, காண்டம் என்கிற பகுதிகளில் முதலாவதான பொதுக் காண்டம் மட்டுமே ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கு மேல் வேண்டிய காண்டத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், பணமும் தனி. நீ வேலை மாறுவதைப் பற்றித்தானே கேட்க நினைக்கிறாய்? அதற்குப் பத்தாவது காண்டம். ஏழாவது கல்யாணம், ஐந்தாவது பிள்ளைகள், பன்னிரண்டாவது வெளிநாடும் செலவும். மொத்தம் பதினாறு காண்டம், பதினாறையும் கேட்க ஆசைப்படாதே. பொது, தொழில், அதோடு நிறுத்திக்கொள். உட்காரும் முன்பே எதற்கு எவ்வளவு என்று கேட்டுவிடு.

சாந்தி காண்டத்தில் பரிகாரம் வரும். அந்த இடத்திலேயே மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து வா. எந்தக் கோவில், எத்தனை விளக்கு என்று எழுதி வாங்கினால் போதும். திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கஞ்சனூர் எல்லாம் அந்தப் பக்கம்தான். நாமே போய்ச் செய்துகொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது.

நான் 2013இல் பெரியம்மாவோடு போனேன், அப்பா இல்லாமல். மூன்று நாள் தங்கினோம். முதல் நாள் இடது கட்டைவிரல் ரேகை கொடுத்ததோடு சரி. பெண்களுக்கு இடது கை, மருமகளுக்கும் சொல்லிவை. மறுநாள் மத்தியானம் நான்காவது கட்டில் என் அம்மா பெயர், அப்பா பெயர், உன் அப்பா பெயர் மூன்றும் சேர்ந்து வந்தன. படித்தவர் அடுத்த வரியில் நிறுத்தி, "கணவர் இப்போது இல்லையா அம்மா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரும் அவசரப்படுத்தவில்லை. அன்று நான் திரும்ப வேண்டிய பஸ் எதுவும் இல்லை, அதனால் அழ முடிந்தது. கிரக நிலைகளையும் என் ஜாதகத்தோடு ஒத்துப் பார்த்தேன், பொருந்தின. அந்த நோட்டு பீரோவில் இருக்கிறது.

உன்னிடமும் அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்.

ஏடு கிடைக்காமலும் போகலாம். "இன்னும் வேளை வரவில்லை, சில மாதம் கழித்து வாருங்கள்" என்பார்கள். வருத்தப்படாமல் வந்துவிடலாம். ரேகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பார்த்துச் சொல்கிறார்களாம். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. நேரில் உட்கார்ந்து, ஏடு புரளுவதைக் கண்ணால் பார்.

நாள் கணக்கு இப்படி வைக்கலாம். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் திருச்சியிலிருந்து கிளம்புவோம். எல்லா விரைவு ரயிலும் வைத்தீஸ்வரன் கோவிலில் நிற்காது, மயிலாடுதுறையில் இறங்கி பஸ்ஸில் போய்விடலாம். சாயங்காலம் தரிசனம். வியாழன் காலை சித்தாமிர்தக் குளத்தில் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, வைத்தியநாதரையும் தையல்நாயகியையும் பார்த்துவிட்டு ரேகை கொடு. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரம்தான் கூடத்தில் காத்திருக்க. வெள்ளி முழுதும் உனக்கு. மருமகளும் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமையையும் சேர்த்துக்கொள். அவளுக்குத் தனி ரேகை, தனிக் கட்டு, தனித் தேடல். பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோவில் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கி வைத்திருப்பேன்.

நவம்பரில் வரலாமா என்று முதலில் கேட்டாயே, வேண்டாம் என்றதற்குக் காரணம் மழை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. தை மாதம் நல்ல வெயில், நல்ல காற்று.

சிதம்பரத்தை இந்தத் தடவை விட்டுவிடலாம், அல்லது கடைசியில் நாள் மிஞ்சினால் போகலாம். மருமகள் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்.

விமானத் தேதி முடிவானதும் தெரியப்படுத்து. ரயிலில் 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அன்று காலையே போகும் டிக்கெட்டைப் போட்டுவிடுகிறேன். திரும்புவதற்குப் போட வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ் எப்போதும் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா