தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நாய்க்குட்டி விற்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பேவியூவிலும் வெஸ்ட்கிளிஃபிலும் வீட்டின் பின்கட்டில் பெட்டை நாயை வளர்த்து, குட்டிகளை விற்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பேரப்பிள்ளைகள் படித்திருப்பார்கள்; ஆனால் நாய் குட்டி ஈனும் இரவில் கண்விழித்திருப்பது பாட்டிமார்கள்தாம்.

குட்டி விற்பதே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. திருட்டுப் பயம் உள்ள ஊரில் போயர்போயலும் ஜெர்மன் ஷெப்பர்டும் வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயம்தான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே: சிசேரியனுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைக்காமல் எந்த நாயையும் இணை சேர்க்காதீர்கள்.

குட்டி ஒன்றுக்கு இத்தனை ராண்டு என்று பெருக்கிப் பார்க்கும் கணக்கில் மருத்துவர் கட்டணம் மட்டும் எப்படியோ விடுபட்டுப் போகிறது. ஞாயிறு நள்ளிரவில் குட்டி பிறப்பு வழியில் சிக்கிக்கொண்டால் பல ஆயிரம் ராண்டு தேவைப்படும். கையில் இல்லாதவர் விடியட்டும் என்று பார்க்கிறார். விடிவதற்குள் குட்டிகள் போய்விடுகின்றன, சில நேரம் தாயும். புல்டாக் வளர்ப்பவர்கள் இதைத் தற்செயல் செலவாக நினைக்கவே கூடாது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். அந்த இனத்தில் பெரும்பாலான குட்டிகள் அறுவை மூலமே பிறக்கின்றன.

இணை சேர்ந்த நாளிலிருந்து 57 நாளிலும் ஈனலாம், 72 நாளிலும் ஈனலாம். ஆகவே கடைசி வாரத்தில் காலை, மாலை ஆசனவாயில் வெப்பம் அளந்து குறித்து வாருங்கள். 37 டிகிரிக்கு இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். முக்கத் தொடங்கி அரைமணி நேரமாகியும் குட்டி வரவில்லை, உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறக் கசிவு: இவற்றில் எது நடந்தாலும் உடனே காரை எடுங்கள். யாரோ கொடுத்த ஊசியைப் போட்டு முக்க வைக்காதீர்கள். குட்டி சிக்கியிருக்கும்போது அந்த ஊசியால் கருப்பையே கிழியலாம்.

சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. நல்லெண்ணம்தான், ஆனால் விளைவு தலைகீழ். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் வேலையை உடல் தளர்த்திவிடுகிறது. ஈன்ற சில வாரங்களில், பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும்போது, இரத்தத்தில் கால்சியம் சரிந்து நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வருகின்றன. சிறிய இனங்களில் இது அதிகம். நல்ல குட்டித் தீவனமே போதும்.

பிறந்த குட்டிகளால் முதல் இரண்டு வாரம் தம் உடல்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. மின்சாரம் போனால் சூட்டு விளக்கும் போய்விடும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி தயாராக இருக்கட்டும்.

ஆண் நாயை இரவல் வாங்குபவர்கள் முதலில் இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியத் தொற்று இருக்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள். அது கருவைக் கலைப்பதோடு மனிதருக்கும் தொற்றும். இணை சேர்வதாலேயே பரவும் புற்றுக்கட்டி ஒன்றும் உண்டு.

எனக்கு அதிகக் கோபம் வருவது, இனி குட்டி போடாது என்று ஒதுக்கப்பட்ட கிழட்டு நாய்களைப் பார்க்கும்போதுதான். பருவம் முடிந்து நாலைந்து வாரத்தில் அது ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, சோர்ந்து படுக்கும். வயசாகிவிட்டது என்கிறார்கள். கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது. கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. அது இன்னும் ஆபத்து. பருவத்தைத் தள்ளிப்போடப் போடும் ஹார்மோன் ஊசி இந்த நோயை வரவழைக்கவும் செய்யும். கடைசி ஈற்றின் குட்டிகள் பால் மறந்ததும், அந்த விற்பனைப் பணத்திலேயே தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அத்தனை ஈற்றில் சம்பாதித்துக் கொடுத்தது அதுதானே.

வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். வெறிநோய் இன்னும் ஓயாத நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு அதன் காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை குட்டிகள் விற்பனைக்கு என்று விளம்பரம் எழுதும்போது தாயின் வயதையும், இது அதற்கு எத்தனையாவது ஈற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாங்க வருபவர் தாயைப் பார்க்க வேண்டும் என்றால் பின்கட்டுக்கு அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
குரோஃப்ட்டீனிலிருந்து உங்கள் அயலார் ஒருவர்