ஐயத்தை அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள்

பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் ஏழாவது மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் அறிஞர்களுக்கு வணக்கம்.

பூமி சூடாகிறது, அதற்கு மனிதரே காரணம் என்ற உங்கள் முடிவில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழியையும், எண்களில் இன்னும் மிச்சமிருக்கும் ஐயத்தையும் சுருக்க அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திருத்தி வெப்ப உயர்வை ஊதிப் பெருக்கிவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. நடந்தது நேர்மாறானது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பல கப்பல்களில் வாளியைக் கயிற்றில் இறக்கி, கடல்நீரை மொண்டு மேலே தூக்கி, அதில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். கித்தான் வாளி என்றால் அதன் ஈரப் பக்கங்களில் நீர் ஆவியாகி, காற்றுப் படப் பட உள்ளிருக்கும் நீரும் குளிர்ந்துவிடும். பின்னாளில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரில் அளந்தபோது எண் சற்றுக் கூடுதலாகவே வந்தது. இரண்டையும் ஒப்பிடப் பழைய எண்களை உயர்த்த வேண்டியிருந்தது. அதனால் நெடுங்கால உலக வெப்ப உயர்வு குறைந்ததே தவிர, கூடவில்லை! இது நிபுணர்களின் கட்டுரைகளுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கலாமா? திருத்தாத வரைபடத்தையும் திருத்தியதையும் அருகருகே அச்சிடுங்கள்.

கேள்வி கேட்பவர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். தரவுகளை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் குழுவைத் தொடங்கி முதலிலிருந்து கணக்கிட்டார். வெப்ப உயர்வு உண்மை, காரணம் ஏறத்தாழ முழுக்க மனிதரே என்று 2012-இல் அவரே எழுதினார். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று 2007 அறிக்கையில் புகுந்த பிழையும் கேள்வி கேட்டவர்களால்தான் வெளிப்பட்டது.

காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் உலக வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும் என்றது 1979-இல் அமெரிக்க அறிவியலாளர்களின் சார்னி குழு. 2021-இல் நீங்கள் அதை 2.5 முதல் 4 என்று குறுக்கினீர்கள். பெரிய சாதனைதான். ஆனால் உங்கள் கணக்குப்படியே, உண்மை அந்த எல்லைக்கு வெளியே இருக்க மூன்றில் ஒரு பங்கு வரை வாய்ப்பு உண்டு. 5 டிகிரியையும் நீங்கள் முற்றிலும் ஒதுக்கவில்லை. வெளியே பரவுவதோ நடுவிலுள்ள 3 மட்டும். ஐயம் இருந்தால் அஞ்ச வேண்டாம் என்று வாதிடுவோருக்கு அந்த மேல் எல்லைதான் பதில். ஆகவே நடு எண்ணை அச்சிடும் அதே வரியில், அதே எழுத்தளவில், இரு எல்லைகளையும் அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளை வரிவிடாமல் படிக்கும் வாசகர்