பூம்பாறை அக்காக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் படிக்கும் நாங்கள் ஆறு பேர், களப்பணி என்று சொல்லிக்கொண்டு பத்து நாள் உங்கள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அறிக்கையை முடித்துக் கொடுத்தாயிற்று. நல்ல பேர் எங்களுக்குக் கிடைத்தது. பாதிக்கு மேல் உங்களைச் சேர வேண்டியது.

நாங்கள் கொண்டுவந்த வினாத்தாளில் முதல் கேள்வி, “வேலைக்குப் போகிறீர்களா?” எழுதியது நான்தான். விடிகாலையிலிருந்து பூண்டுக் காட்டில் களை பறித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கூட, “இல்லம்மா, வீட்லதான் இருக்கேன்” என்றார். கூலிக்குப் போனால்தான் வேலை. சொந்தக் காட்டில் செய்வது கணக்கில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பாட்டிதான், “வேலையைக் கேக்காத, எந்திரிச்சதுலேர்ந்து என்ன செஞ்சேன்னு கேளு” என்று சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம் தாளை மடித்து வைத்துவிட்டோம். குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் ஒரு திண்ணையில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, 24 பூண்டுப் பல்லைக் கையில் கொடுத்தோம். நாளில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், ஒரு பல் ஒரு மணி நேரம். நாலைந்து வட்டம் காலியாக இருக்கும்போதே பல் தீர்ந்துவிட, “இன்னும் நாலு பல்லு குடு கண்ணு” என்று ஓர் அக்கா கேட்டார். உலை கொதிக்கும்போதே பூண்டைக் கட்டுவார், பிள்ளைக்குப் பாடமும் சொல்லுவார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. வகுப்பில் மனப்பாடம் செய்த எண்கள். அந்த நாலு பல்லை எந்த எண்ணில் சேர்ப்பது என்று அன்றைக்குத்தான் யோசித்தோம்.

அதே 2019-இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், அதில் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு என்பதையும் பெருமையாகச் சொன்னோம். “பூண்டுக்குப் பேர் வந்துச்சு, சரி. காட்டுப் பட்டா யார் பேர்ல இருக்குன்னு எழுதுனியா?” என்று கேட்டீர்கள். எழுதவில்லை. இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்ததை எடுத்துச் சொன்னோம். “கேட்டா அண்ணன் வீட்டு வாசல் மூடிரும்” என்று முடித்துவிட்டீர்கள். அறிக்கையின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்த வாசலைப் பற்றியதுதான்.

மழையில் மாட்டிய அன்று கடைசிப் பேருந்தை எங்களுக்காக நிறுத்திவைத்த நடத்துநர் அண்ணனுக்கும், வகுப்பறையைத் திறந்துவிட்ட டீச்சருக்கும் நன்றி. கிண்டல் செய்துகொண்டே வந்து பல்லைப் பிரித்துப் பார்த்து, ஆறு மிச்சமானதும் அதை டீக்கடை வட்டத்தில் தள்ளிய சித்தப்பாவுக்கும்தான்!

வரும் ஞாயிற்றுக்கிழமை அறிக்கையைக் கொண்டுவந்து அதே திண்ணையில் வாசிக்கிறோம். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

அன்புடன்,
மகளிரியல் மாணவியர் அறுவர்