நன்றியுரையில் விடுபட்ட இருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்காக உங்கள் நாளிதழில் வரும் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். விசா, கல்விக்கடன், மொழித்தேர்வு எல்லாம் வருகிறது. போய் இறங்கிய ஊரில் கதவைத் திறந்து விடுகிறவர்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். அப்படி இருவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி வெகுநாளாகப் பாக்கி நிற்கிறது.

2009 அக்டோபரில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனேன். இசைமேதை ஹேண்டல் பிறந்த ஊர் அது. நமக்கு அது வேறு வகையில் வேண்டிய ஊர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அங்கே படித்தவர்; அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716இல் அச்சேறியதும் அங்கேதான். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களையும் ஓலைச்சுவடிகளையும் அங்குள்ள பிராங்கே அறநிலையத்தின் காப்பகத்தில் இன்றைக்கும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிறார்கள். அவற்றைப் படிக்க எனக்கு ஒன்பது மாதம் வாய்த்தது.

போன அன்றே சிக்கல். முன்பணம் வாங்கிக்கொண்டு அறை உண்டு என்று உறுதி சொன்ன இடைத்தரகர், அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியோடு காப்பகத்தின் வாசலில் நின்றேன். அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணி நாலைந்து பேருக்குத் தொலைபேசியில் பேசினார். மாலையில் ஒரு முதியவர் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பது. மூன்றாம் மாடிவரை அந்தப் பெட்டியை என்னிடம் தரவேயில்லை.

"ஒரு வாரம் இருந்து பார், பிறகு அறை தேடலாம்" என்றார் அவர் மனைவி. ஒன்பது மாதமும் அங்கேயே இருந்தேன்.

மறுநாள் குடியிருப்பைப் பதிவு செய்ய நகராட்சி அலுவலகத்துக்கு அவரும் கூட வந்தார். கடவுச்சீட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கும். அங்கே கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர், ஆகவே எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். திரும்பும் வழியில் அவர் நின்று, "இதில் உன் பெயர் எது?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன அட்டையில் என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதி, தபால் பெட்டியிலும் வாசல் மணிப் பலகையிலும் தங்கள் பெயருக்குக் கீழே பொருத்தினார். பெயர் இல்லாத பெட்டியில் அங்கே தபால்காரர் கடிதம் போடமாட்டார், அதற்காகத்தான் செய்தார். ஆனாலும் முன்பின் தெரியாத ஓர் ஊரில், ஒரு வீட்டு வாசலில் என் பெயரைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த அம்மாவுக்கு வயது 78. நான் ஓரளவு ஜெர்மன் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிதங்கள் குரன்ட் என்னும் பழைய கையெழுத்தில் இருந்தன. அதில் 'எ' பார்க்க 'ன்' மாதிரி இருக்கும். 'உ'வையும் 'ன்'னையும் பிரித்துச் சொல்வது மேலே வரும் ஒரு சின்ன வளைவுதான். முதல் இரண்டு வாரம் அரைப்பக்கம்கூட நகரவில்லை. ஒருநாள் மேசையில் நகலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்து, மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்! 1941இல் பள்ளிகளில் அந்த வகை எழுத்தை நிறுத்தும்வரை, சிறுமியாக அதில்தான் அவர் எழுதிப் பழகியிருந்தார்.

அன்றிலிருந்து இரவு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆனதும், மேசையைத் துடைத்துவிட்டு எங்கள் வகுப்பு தொடங்கும். தன் பாட்டியின் சமையல் குறிப்பேட்டை எடுத்து வந்து, முதலில் அதை வாசிக்கப் பழக்கினார். பிறகு கடிதங்கள். ஒருநாள், காகித ஆலையைப் பற்றிய ஒரு கடிதத்தில் அவர் நின்றுவிட்டார். "இது எங்கள் மொழிச் சொல் இல்லை" என்று விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார்: போ... ரை... யார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பொறையாறு! தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். அவருக்கு எழுத்து தெரிந்தது, எனக்கு ஊர் தெரிந்தது. சமையல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டுப் பனிக்காலம் கடுமையானது. விடிவதற்கு முன்பே பெரியவர் கீழே போய் நடைபாதையில் பனியைத் தள்ளி மணல் போட்டுவிட்டு வருவார். நான் வழுக்கி விழாமல் டிராம் நிறுத்தம் வரை போக வேண்டுமே என்று.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்த அம்மா, இனி நீ என்றே பேசிக்கொள்வோம் என்றார். ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. மூத்தவர்தான் முதலில் அப்படிச் சொல்ல வேண்டும். சொன்னால் அது பெரிய உரிமை. எனக்கு நா எழவில்லை. பாட்டி வயதுக்காரரை எப்படி நீ என்பது? 'ஓமா' என்றேன். அவர்கள் பேச்சில் அது பாட்டி. அவர் சிரித்து, சரி என்று விட்டுவிட்டார்.

இனி என் தவறு. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரத்தில், நன்றியுரை ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மனிதர்களை எல்லாம் சேர்க்காதே என்று சொன்னார்கள். நானும் வெட்டினேன். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர்கள், உதவித்தொகை அளித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லித் தந்தவர் இல்லை. அச்சான பிரதியை அனுப்பியபோது, முதல் பக்கத்தில் தங்கள் பெயரைத் தேடியிருப்பார்களோ என்ற நினைப்பு இன்றும் அறுக்கிறது. அவர்கள் ஒரு சொல் கேட்டதில்லை. 2014இல் பெரியவர் காலமானார்.

1714இல் சீகன்பால்குவோடு கப்பலேறிப் போன மலையப்பன் என்ற தமிழரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்தக் குளிரில் அவருக்குச் சூடாக ஒரு வாய் கொடுத்த கை யாருடையதோ. இப்போது என்னிடம் ஆய்வு செய்கிற பிள்ளைகளிடம் நன்றியுரையை மட்டும் சுருக்கச் சொல்வதில்லை. வீட்டுக்காரர், சமைத்துப் போட்டவர், மருத்துவமனைக்குக் கூட வந்தவர் எல்லோரையும் எழுதச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களும் அதற்கு இடம் தர வேண்டும் என்று இதன் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

ஓமா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். உருப்பெருக்கியை வைத்துத்தான் படிக்கிறார். இந்தக் கடிதம் வெளியானால் நறுக்கி அனுப்புவேன். தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அது இதில் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை, அவரே கண்டுபிடிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்றுப் பேராசிரியை