வாட்ச்மென்: இருட்டு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கட்டுரையில் 'வாட்ச்மென்' நூலுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. நாயகர்களை இருட்டுக்குள் தள்ளிய கதை என்று அதிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். இளவயதிலிருந்து அந்த நூலைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

1986, 87-இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளரான டிசி நிறுவனம் 12 இதழ்களாக வெளியிட்ட தொடர் அது. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ். வியட்நாமில் அமெரிக்கா ஜெயித்து, 1985-லும் நிக்சனே அதிபராக இருக்கும் உலகம். முகமூடிக்காரர்களுக்குச் சட்டத்தில் தடை. அணு ஆயுதப் போர் தலைக்கு மேல் தொங்குகிறது. கொலையும் கசப்பும் கதை நெடுக உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் கதை அடிக்கடி வந்து நிற்கும் இடம் எது? நியூயார்க்கில் ஒரு தெருமுனை. அங்கே பத்திரிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உலக நிலவரம் பேசுவார். பக்கத்தில் ஒரு சிறுவன் காசு கொடுக்காமல் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பான். (முகமூடிக்காரர்கள் நிஜமாகவே உலவும் ஊரில் சூப்பர் ஹீரோ காமிக்ஸை யார் வாங்குவார்கள்? மூரின் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.) 11-ஆவது அத்தியாயத்தில் அந்த முனையில் இரண்டு பெண்களுக்குள் அடிதடி. அந்த வழியே வரும் மனநல மருத்துவரை, இதில் தலையிட்டால் உறவே முறிந்துவிடும் என்று மனைவி தடுக்கிறார். அவர் கேட்கவில்லை, விலக்கிவிடப் போகிறார். அந்த நொடியில்தான் பேரழிவு வருகிறது. பெரியவரும் சிறுவனும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள்.

அதுவரை பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற அளவை விட்டு அதிகம் விலகாத கிப்பன்ஸ், கடைசி அத்தியாயத்தின் முதல் ஆறு பக்கங்களையும் பக்கத்துக்கு ஒரே படமாக வரைந்திருக்கிறார். தெருவெங்கும் பிணங்கள். பதினொரு அத்தியாயம் பழகிய மனிதர்கள் என்பதால்தான் அந்தப் பக்கங்களைப் புரட்ட முடியாமல் கை நிற்கிறது. மொத்தக் கதையிலும் வீரம் என்று நான் மதிப்பது அந்த மருத்துவர் எடுத்துவைத்த நாலு அடியைத்தான்.

பின்னால் வந்த படைப்பாளிகளில் பலர் எடுத்துக்கொண்டது, கதையின் முகமூடிக்காரர்களில் ஒருவனான ரோர்ஷாக்கின் முரட்டுத்தனத்தை. அவனைப் போல இருக்கக் கூடாது என்று காட்டவே படைத்ததாக மூரே சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். பதிப்பாளர்களும் அவனைப் போன்ற ஆட்களையே தேடினார்கள். 2009-இல் திரையரங்குக்கு வந்த படத்தில் சண்டைகளுக்கு இருந்த இடம் அந்தத் தெருமுனைக்கு இல்லை. 2019-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் பரவாயில்லை. 1921-இல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் கொன்று குவிக்கப்பட்டதிலிருந்து அது தொடங்கியது. சாமானியர்கள் பட்ட காயத்திலிருந்து கதை சொல்ல வேண்டும் என்று அதை எடுத்தவர்களுக்காவது தோன்றியிருக்கிறது.

அப்புறம், கட்டுரை தொடாத இன்னொரு விஷயம். நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தம் இருந்தது. தொகுப்பாக வந்த நூல் இன்றுவரை அச்சில் இருந்துகொண்டே இருக்கிறது, உரிமையும் திரும்பவில்லை. மனம் வெறுத்த மூர் படத்தில் தன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1988-இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்று, 2005-இல் டைம் பத்திரிகையின் 100 சிறந்த நாவல்கள் பட்டியலிலும் இடம்பிடித்த நூலுக்கு இந்த நிலை. கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்த ஒப்பந்தக் கதைக்கும் அந்தத் தெருமுனை மனிதர்களுக்கும் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி