மோஸ்தாரில் ஒரு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போஸ்னியாவின் மோஸ்தாரில் நாங்கள் நலம். அம்மாவுக்குக் கால்வலி மட்டும். பழியில் பாதி என்மேல், மீதி இந்த ஊர்த் தெருவின் மேல். பழைய ஊர் முழுக்க ஆற்றுக் கூழாங்கல்லைப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஷூ போட்டுக்கொள் என்று நீ சொன்னதை அவள் எங்கே கேட்டாள்?

குரோவாசியாவின் டூப்ரோவ்னிக்கிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். நீதான் பிடிவாதமாக இங்கே அறை எடுத்தாய். உன் பிடிவாதம்தான் சரி. மூன்று மணிக்கு இந்த ஊரின் பழைய கல் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. சுற்றுலாப் பஸ்கள் கிளம்பிப் போனதும் கடைக்காரர்களே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நெரெத்வா ஆற்றின் இரைச்சல் அப்போதுதான் காதில் விழுந்தது. தண்ணீர் நல்ல பச்சை.

முப்பது வருடம் பாலம் கட்டுகிற இடத்தில் வெயில் காய்ந்தவன், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஒரே வளைவு, நடுவில் தூண் கிடையாது. ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் ஹைருதீன் 1566-இல் கட்டி முடித்தது. கல்லோடு கல்லை இரும்புக் கவ்வியால் பிணைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். பாலத்தைக் காவல் காத்தவர்களுக்கு மோஸ்தாரி என்று பெயராம். ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது. 427 வருடம் நின்றதை, போஸ்னியப் போரின்போது 1993 நவம்பர் 9-ஆம் தேதி போஸ்னியக் குரோவாசியர்களின் பீரங்கி ஆற்றில் தள்ளியது.

இப்போது இருப்பது 2004-இல் திறந்தது. பக்கத்துக் குவாரியின் அதே வகைக் கல், அதே கவ்வி, அதே ஈயம். ஆற்றிலிருந்து எடுத்த பழைய கற்களில் பெரும்பாலானவை திரும்ப வைக்கிற நிலையில் இல்லையாம். அப்படியானால் இது நகல்தானே என்று வாய்வரை வந்தது. நடுப்பாலத்தில் கால் சறுக்கியது. அதற்குள் அவ்வளவு பேர் நடந்து கல்லைத் தேய்த்துவிட்டார்கள். குறுக்கே புடைப்பாகக் கல்வரிசை வைத்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் விழுந்திருப்பேன். நகல் என்ற சொல்லை விழுங்கிவிட்டேன்.

பாலத்திலிருந்து பையன்கள் குதிப்பது உனக்குத் தெரிந்திருக்கும். இருபது மீட்டருக்கு மேல் உயரம். முதலில் கூட்டத்தில் காசு வசூலிப்பார்கள். போதுமான அளவு சேர்ந்தால்தான் குதிப்பார்கள். அம்மா குதிக்க நின்ற ஒரு பையனிடம் பத்து மார்க்கை (இந்த நாட்டுப் பணம்) கொடுத்து, "குதிக்காதே அப்பா, இந்தா, வைத்துக்கொள்" என்று தமிழிலேயே சொன்னாள். அவன் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போய்க் குதித்தான். அவன் கரையேறுகிற வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.

பிறகு காப்பி. செம்புத் தட்டில் நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரம், பிடியில்லாத கிண்ணம், ஒரு துண்டு லோகும் மிட்டாய். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்துக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும் என்று கடைக்காரர் செய்து காட்டினார். அம்மா இரண்டு முறை பால் கேட்டாள். கிடைக்கவில்லை என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அடுத்த கிண்ணத்தை அவளே ஊற்றிக்கொண்டாள்.

உனக்கும் அந்தச் செம்புப் பாத்திரம் ஒன்று வாங்கியிருக்கிறோம். பேரம் பேசியது அம்மா. விலையைக் கேட்காதே.

அன்புடன்,
அப்பா